அலாஸ்கா கப்பல் பயணம்: அத்தனை பேர் குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

வேம்படியான் | பதிவு 1

வணக்கம் நண்பர்களே. போன மாதம் அப்பா அம்மாவை வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பலில் கூட்டிப் போய் வந்தேன். படங்களைப் பயணப் பகுதியில் தனியாகப் போடுகிறேன். இங்கே வந்தது வேறு விஷயத்துக்கு.

அப்பா மாநகராட்சியில் பாதாளச் சாக்கடைப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவர். பனிமலை, திமிங்கிலம் எல்லாம் பார்த்தார், ரசித்தார். மூன்றாம் நாள் காலையில் பால்கனியில் காபியோடு நின்றவர் திடீரென்று, "கப்பல்ல நாலாயிரம் பேர் இருக்கோம். ஆறரைலேர்ந்து எட்டு மணிக்குள்ள எல்லாரும் குளிக்கிறாங்க, வெளிக்குப் போறாங்க. ஒரு பம்பிங் ஸ்டேஷன் சத்தம்கூடக் கேக்கலையே, எங்கடா போகுது?" என்றார்.

அறையைச் சுத்தம் செய்ய வரும் பையனிடம் கேட்டேன். கீழே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, வெளியே போகும் தண்ணீரைக் குடிக்கவே குடிக்கலாம் என்று சிரித்தான். அப்பாவுக்கு அது போதவில்லை. "தண்ணி சுத்தமாச்சுன்னா சகதி தங்கியிருக்கணுமே, அது எங்க?" என்று அம்மாவிடம் சாப்பாட்டு மேஜையில் கேட்கப்போய்த் திட்டு வாங்கினார்.

இங்கே கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். அப்பாவுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

சோத்துமூட்டை | பதிவு 2

அதெல்லாம் இருக்கட்டும், பஃபே படம் போடுங்க முதல்ல.

பில்ஜ் ராஜா | பதிவு 3

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நான் சரக்குக் கப்பல், டேங்கர் என்று 19 வருஷமாக இயந்திர அறையில்தான் இருக்கிறேன். சொகுசுக் கப்பலில் வேலை பார்த்ததில்லை. ஆனால் குழாயும் சட்டமும் எல்லாக் கப்பலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் கணக்குதான் வேறு. எங்கள் கப்பலில் 22 பேர், உங்கள் கப்பலில் 4,000 பேர்.

கழிவுத் தண்ணீர் என்று ஒரே பெயரில் சொன்னால் விஷயம் புரியாது. கக்கூஸ் தண்ணீர் 'கறுப்பு நீர்'. குளியலறை, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் 'சாம்பல் நீர்'. இயந்திர அறையின் அடியில் எண்ணெயோடு தேங்குவது 'பில்ஜ்'. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, இயந்திரப் புகையைக் கழுவுகிற தண்ணீர். அதை அப்புறம் சொல்கிறேன்.

அளவு தெரிய வேண்டுமென்றால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சராசரியாக ஒரு சொகுசுக் கப்பல் ஒரு நாளைக்கு 21,000 கேலன் கறுப்பு நீரும் 1,70,000 கேலன் சாம்பல் நீரும் உண்டாக்குகிறது என்று அதில் இருக்கிறது. நம் கணக்கில், 12,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி தெரியுமல்லவா? கறுப்பு நீர் ஆறரை லாரி. சாம்பல் நீர் 53 லாரி. தினமும்.

இனி சட்டம். மார்போல் என்கிற சர்வதேச ஒப்பந்தப்படி, அரைத்துக் கிருமி நீக்கிய மலக்கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். எதுவும் செய்யாத பச்சைக் கழிவை 12 மைலுக்கு அப்பால், கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மெதுவாக விடலாம். அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தின் மலக்கழிவு பற்றிய பகுதியில் சேரவில்லை. அங்கே பொதுவான எல்லை 3 மைல்தான், அதற்கு அப்பால் பச்சையாகவே விடலாம். அலாஸ்காவுக்கு மட்டும் தனிச் சட்டம்.

சாம்பல் நீருக்கு மார்போலில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்த 53 லாரி இருக்கிறதே, அதற்குத்தான்.

வேம்படியான் | பதிவு 4

ராஜா அண்ணே, நன்றி. பச்சையாகவா? சட்டப்படியா? அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "12 மைல்னா சரி, மூணு மைல்னா கண்ணுக்கே தெரியுமே" என்கிறார். எங்கள் கப்பலோ பாதி நேரம் இரண்டு பக்கமும் மலை தெரியத்தான் போய்க்கொண்டிருந்தது.

திரைகடல் டிராவல்ஸ் | பதிவு 5

நண்பர்களே, நான் சென்னையில் பதினைந்து வருஷமாகக் கப்பல் டூர் புக்கிங் செய்கிறவன். ஒரு பக்கக் கதையாகப் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அலாஸ்கா போகிற பெரிய கப்பல்களில் இருப்பது உயர்தரச் சுத்திகரிப்பு நிலையம். பல ஊர் நகராட்சிகளில் அந்தத் தரம் கிடையாது. அலாஸ்கா கப்பல்கள் பலவும் வழியில் ஒரு சாயங்காலம் கனடாவின் விக்டோரியா நகரில் நிற்கும். 1886-ல் போட்ட அமெரிக்கச் சட்டப்படி, அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்புகிற வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அந்த விக்டோரியா நகரம் 2020 கடைசி வரை தன் ஊர்ச் சாக்கடையை வெறுமனே வடிகட்டிக் கடலில்தான் விட்டது! மாநிலத் தலைநகரம்! சுத்திகரித்துக்கொண்டு வருகிற கப்பல், சுத்திகரிக்காத ஊரில் போய் நின்றது. கெட்ட பெயர் மட்டும் கப்பலுக்கு.

இந்தத் தொழிலை நம்பி அலாஸ்காவில் எத்தனை குடும்பங்கள் என்பதையும் பேசுங்கள்.

பில்ஜ் ராஜா | பதிவு 6

விக்டோரியா விஷயம் உண்மைதான் சார், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயர்தர நிலையம் கப்பலுக்குள் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கம்பெனிகள் தாமாகவே வாங்கி வைக்கவில்லை.

1999-ல் ராயல் கரீபியன் நிறுவனம் 21 குற்றங்களை ஒப்புக்கொண்டு 1.8 கோடி டாலர் அபராதம் கட்டியது. எண்ணெய்க் கழிவு மட்டுமல்ல, போட்டோ கழுவும் ரசாயனம், டிரை கிளீனிங் ரசாயனம் எல்லாம் கடலில் போயிருந்தன. அலாஸ்காவின் உள்கடல் பாதையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த வழக்கில் எனக்கு மறக்காத ஒரு விஷயம்: எங்கள் தொழிலில் ஆயில் ரெக்கார்டு புக் என்று ஒரு பதிவேடு உண்டு. எண்ணெய்க் கழிவு ஒவ்வொரு சொட்டும் எங்கே போனது என்று அதில் எழுத வேண்டும். அந்தக் கப்பல்களின் நார்வே நாட்டு இன்ஜினியர்கள் தங்களுக்குள் அதற்கு வைத்திருந்த செல்லப் பெயருக்கு 'கதைப் புத்தகம்' என்று அர்த்தம்!

அதற்குப் பிறகுதான் அலாஸ்கா மக்களுக்குச் சந்தேகம் வந்து, 2000-ல் கப்பல்களிலிருந்து மாதிரி எடுத்தார்கள். கறுப்பு நீர் மாதிரிகளில் கோலிஃபார்ம் கிருமி, மிதக்கும் திடப்பொருள் இரண்டிலும் தேறியது ஒன்றே ஒன்று. அப்போதும் ஒவ்வொரு கப்பலிலும் அரசு ஒப்புதல் பெற்ற கருவி இருந்தது, சான்றிதழும் இருந்தது. சாம்பல் நீரிலும் கக்கூஸ் தண்ணீர் அளவுக்குக் கிருமி இருந்ததுதான் எல்லாரையும் தூக்கிவாரிப் போட்டது.

இன்னொரு வேடிக்கை. அந்த உள்கடல் பாதை தீவுக்கூட்டத்துக்கு நடுவே போகிறது. சில இடங்களில் கால்வாய் அகலமாக இருப்பதால், எந்தக் கரையிலிருந்து அளந்தாலும் 3 மைலுக்கு மேல் வருகிற ஒரு வட்டம் நடுவில் இருக்கும். சுற்றிலும் அலாஸ்கா மாநிலக் கடல், நடுவில் மட்டும் மாநிலச் சட்டம் செல்லாது. அதற்கு 'டோனட் ஓட்டை' என்று பெயர். நம் மெதுவடை மாதிரி. கப்பல் வடையைக் கடக்கும்போது வாயை மூடிக்கொள்ளும், ஓட்டைக்குள் வந்ததும் திறந்துவிடும். 2000 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது. 2001-ல் மாநிலம் தனியாக ஒரு சட்டம் போட்டது. உயர்தர நிலையங்கள் வரிசையாக வந்து பொருந்தியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மழைக்குடை | பதிவு 7

இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. நான் அலாஸ்காவின் ஜூனோ ஊரில் மூன்று கோடை வேலை பார்த்திருக்கிறேன், ஒரு நகைக்கடையில். வேம்படியான் கவனித்திருப்பார், அலாஸ்கா துறைமுகங்களில் கப்பலை விட்டு இறங்கினால் முதலில் தெரிவது நகைக்கடை. கல்லாவில் நம்மாட்கள் நிறைய இருப்பார்கள்.

ஜூனோவில் 32,000 பேர் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து சாலை கிடையாது, விமானமோ படகோதான். 2023-ல் அங்கே வந்து இறங்கிய கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கு மேல். ஊருக்கு முன்னால் இருக்கிற காஸ்டினோ கால்வாய் நம்மூர்ப் பெரிய ஆறு மாதிரிதான், குறுகலானது. அதில் ஐந்து கப்பல் வரிசையாக நின்றால் எதிர்க்கரை மலை பாதி மறைந்துவிடும். காலை ஏழு மணிக்குக் கப்பலிலிருந்து பலகை இறங்கும், மழைக்கோட்டு போட்ட கூட்டம் தெருவை நிரப்பும். ராத்திரி பத்துக்குள் ஊர் காலி. அக்டோபரில் கடைக் கண்ணாடிகளில் பேப்பர் ஒட்டிவிட்டு முதலாளிகள் வெயிலைத் தேடிப் போய்விடுவார்கள். ஊர்க்காரர்கள் மட்டும் மழையோடு இருப்பார்கள்.

கப்பல் கழிவைப் பற்றிக் கடையில் வாயே திறக்கக் கூடாது. யாரும் தடை போடவில்லை, ஆனால் யாரும் பேச மாட்டார்கள். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாதான் பேசுவார். அவருடைய கணவர் சால்மன் பிடித்தவர். ஒருநாள் சமையலறையில் மீனைத் துண்டு போட்டுக்கொண்டே தலையைத் திருப்பி மூக்குத் துளையைக் காட்டினார். சால்மன் கடலில் வருஷக்கணக்கில் சுற்றிவிட்டுப் பிறந்த ஓடையை மோப்பம் பிடித்துத்தான் திரும்ப வரும். தண்ணீரில் செம்பு ரொம்பக் கொஞ்சம் கரைந்திருந்தாலே அந்த மோப்பம் மங்கிவிடும். கப்பலின் தண்ணீர்க் குழாய்கள் செம்பு. சுத்திகரிப்பு நிலையம் கிருமியைக் கொல்லும், செம்பை விட்டுவிடும். "குடிக்கலாம் என்கிறார்கள், நான் குடித்துக்கொள்கிறேன், மீனுக்கு யார் சொல்வது?" என்பார். மீனவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. அலாஸ்கா மீன் என்றாலே சுத்தமான கடல் மீன் என்றுதான் உலகம் முழுக்க விலை. கப்பல் கழிவு விழும் கடல் என்று பெயர் வந்தால் அந்த விலை போயிற்று.

டிராவல்ஸ் சார் குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் குடும்பங்களில் நானும் ஒருத்தி. அந்தச் சம்பளத்தில்தான் தங்கை படித்தாள். அதனால் கப்பலே வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர் மக்கள் 2006-ல் ஒன்று செய்தார்கள், அது பெரிய விஷயம். அடுத்த பதிவில் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

சோத்துமூட்டை | பதிவு 8

அக்கா பஸ்ஸிலிருந்தே எழுதலாமே, சஸ்பென்ஸ் தாங்கல. அப்புறம் அந்தச் சால்மன் எப்படிச் சமைப்பாங்க?

மழைக்குடை | பதிவு 9

ஜாடியில் போட்டு அவித்து மூடி வைப்பார்கள் தம்பி, நம்ம ஊறுகாய் மாதிரி வருஷம் பூரா வரும். புகை போட்டதும் உண்டு. நான் கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு அதிர்ச்சி.

சரி, 2006. அலாஸ்காவில் மக்களே சட்டம் எழுதி வாக்குக்கு விடலாம். ஜூனோவையும் ஹெயின்ஸையும் சேர்ந்த இரண்டு பேர் எழுதிய மனு அது. கப்பல் நிறுவனங்கள் எதிர்த்துப் பணத்தைக் கொட்டின. இருந்தும் ஆகஸ்ட் மாத வாக்கெடுப்பில் சுமார் 52 சதவீதத்தில் ஜெயித்தது. பயணி ஒருவருக்கு 50 டாலர். அதில் 46 வரி, மீதி 4 டாலர் 'ஓஷன் ரேஞ்சர்' என்கிற வேலைக்கு. ரேஞ்சர் என்றதும் துப்பாக்கி, தொப்பி என்று நினைக்காதீர்கள். உரிமம் பெற்ற மரைன் இன்ஜினியர். அலாஸ்கா கடலில் இருக்கும்வரை கப்பலிலேயே தங்கி, இயந்திர அறைக்குள் இறங்கி, வால்வையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சம்பளம் கப்பல் கொடுக்காது. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இப்படி ஒன்று இருந்ததில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2010-ல் சில கப்பல்களை வேறு கடலுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பயணிகள் எண்ணிக்கை விழுந்தது. மாநிலம் அதே வருஷம் வரியை 34.50 டாலராகக் குறைத்தது, வழக்கும் திரும்பப் போயிற்று. 2013-ல் சட்டத்தை மாற்றினார்கள். செம்பு, அமோனியா அளவைக் குழாய் வாயில் அளக்க வேண்டும் என்றிருந்ததை, கடலில் கொஞ்சம் கலந்த பிறகு அளந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். 2019-ல் ஆளுநர் டன்லீவி ஓஷன் ரேஞ்சருக்கான பணத்தை ரத்து செய்தார். அந்த 4 டாலர் பயணிகள் கட்டுவது, மாநிலக் கஜானாவிலிருந்து வருவதில்லை. ஆனாலும் நிறுத்தினார்.

நான் போனது அதற்குப் பிறகு. ஒருநாள் காலையில் கடை திறக்கும் முன் படித்துறைப் பக்கம் பழுப்பு நுரை ஒதுங்கியிருந்தது, முழ அகலத்துக்கு. அது என்ன, எந்தக் கப்பலுடையது, கப்பலுடையதுதானா என்று எனக்குத் தெரியாது. வீட்டு அம்மா, "முன்னால் என்றால் உள்ளே ஓர் ஆள் இருப்பான், கேட்கலாம்" என்றார். எனக்கு அந்த நுரையைவிட அந்தப் பேச்சுதான் மனதில் நிற்கிறது.

திரைகடல் டிராவல்ஸ் | பதிவு 10

அம்மா, நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கப்பலில் சுற்றுச்சூழல் அதிகாரி என்றே ஒருவர் இருக்கிறார், பார்த்திருக்கிறேன். வெளி ஆளை உள்ளே உட்கார வைத்துச் சந்தேகப்பட்டால் எந்தத் தொழில் நடக்கும்?

பில்ஜ் ராஜா | பதிவு 11

சார், அந்த அதிகாரிக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? கோபப்படாமல் ஒரு கதை கேளுங்கள். முதலில் என் கதை.

நான் ஜூனியராக ஏறிய இரண்டாவது கப்பல், கம்பெனி பெயர் வேண்டாம். பில்ஜ் தண்ணீரை எண்ணெய் பிரிக்கும் கருவி வழியாக அனுப்பி, எண்ணெய் 15 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால்தான் கடலில் விடலாம். அதாவது பத்து லட்சம் லிட்டரில் 15 லிட்டர். கூடினால் மீட்டர் கத்தும், வால்வு தானாகத் திரும்பிக்கொள்ளும். எங்கள் செகண்ட் இன்ஜினியர் முதல் வாரமே கூப்பிட்டு, மீட்டருக்குப் போகிற மெல்லிய குழாயில் நல்ல தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். மீட்டர் நல்ல தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சமர்த்தாக இருக்கும், எண்ணெய்த் தண்ணீர் பக்கத்துக் குழாயில் கடலுக்குப் போகும். எனக்கு 23 வயசு, வீட்டில் கடன். திறந்துவிட்டேன். பெருமையாகச் சொல்லவில்லை.

இதன் அண்ணன்தான் 'மேஜிக் பைப்'. கருவியையே சுற்றிக்கொண்டு, தொட்டியிலிருந்து நேரே வெளியே போகிற தற்காலிகக் குழாய். துறைமுகம் வருமுன் கழற்றி ஒளித்துவிடுவார்கள். சோதனைக்கு வருகிறவர்கள் குழாயைத் தேட மாட்டார்கள், குழாய் மாட்டிய ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போட்டு இணைக்கிற வளையத்தைப் பார்ப்பார்கள். சுற்றிலும் பழைய பெயின்ட் இருக்க, நாலு போல்ட்டில் மட்டும் பெயின்ட் உரிந்தோ புதிதாகவோ இருந்தால் கதை முடிந்தது.

இனி ஊரறிந்த கதை. 'கரீபியன் பிரின்சஸ்' என்ற கப்பல். 2013 ஆகஸ்ட் 26, இங்கிலாந்துக் கரையிலிருந்து 23 மைலில் 4,227 கேலன், அதாவது 16,000 லிட்டர் எண்ணெய்த் தண்ணீரை மேஜிக் பைப் வழியாக விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் இன்ஜினியர் அதைப் படம் பிடித்துக்கொண்டு, சவுத்தாம்ப்டனில் இறங்கி வேலையை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் கடல்சார் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். சீஃப் இன்ஜினியர் குழாயைக் கழற்றச் சொல்லி, கீழ் ஆட்களைப் பொய் சொல்லவும் சொன்னார். நியூயார்க்கில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஏறியபோதும் பொய் தொடர்ந்தது. தோண்டத் தோண்ட, 2005-லிருந்தே நடந்திருக்கிறது. இன்னும் நாலு கப்பல்களிலும் முறைகேடு. சாம்பல் நீர்த் தொட்டி நிரம்பி பில்ஜில் வழிந்தால், எண்ணெய் கலந்த அந்தத் தண்ணீரைத் திரும்பச் சாம்பல் நீர்த் தொட்டிக்கே ஏற்றி, கரையிலிருந்து 4 மைல் தாண்டியதும் விட்டிருக்கிறார்கள். சாம்பல் நீரை யாரும் கேட்பதில்லை என்று நான் முன்னால் சொன்னது இதற்குத்தான்.

ஏன் செய்தார்கள்? துறைமுகத்தில் கழிவை இறக்கக் காசு. கரையில் செலவைக் கவனிக்கிற மேலாளருக்கு அந்த சீஃப் இன்ஜினியர் வைத்த பெயர் இத்தாலிய மொழியில் 'குட்டைக் கை'. கை சட்டைப்பை வரைக்கும் எட்டாதாம். நம்மூர் மொழியில் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். சாமானியக் கருமித்தனம்தான் சார், பெரிய சதியெல்லாம் இல்லை.

பிடித்தது சுற்றுச்சூழல் அதிகாரி இல்லை. வேலையை விடத் துணிந்த ஒரு பையன்.

கணக்குப்பிள்ளை | பதிவு 12

வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவன், எண் வந்ததால் உள்ளே வருகிறேன்.

பிரின்சஸ் நிறுவனம் 2016 டிசம்பரில் ஏழு குற்றங்களை ஒப்புக்கொள்ளச் சம்மதித்து 4 கோடி டாலர் கட்டியது. கப்பல் வேண்டுமென்றே செய்த மாசுக்கு அதுவரை இல்லாத அபராதம். தாய் நிறுவனமான கார்னிவலுக்கு 2017-லிருந்து ஐந்து வருஷ நீதிமன்றக் கண்காணிப்பு. அந்தப் பையனுக்கு அமெரிக்கச் சட்டப்படி 10 லட்சம் டாலர் வெகுமதி. (பில்ஜ் ராஜா அண்ணே, நீங்கள் அந்த வால்வைப் படம் எடுத்திருந்தால்?)

கண்காணிப்பில் இருக்கும்போதே 2019 ஜூனில் கார்னிவல் மறுபடி மாட்டியது. பஹாமாஸ் கடலில் சாப்பாட்டுக் கழிவோடு பிளாஸ்டிக். பதிவேட்டில் பொய். தணிக்கை வருவதற்கு முன்னால் தன் ஆட்களை அனுப்பிக் கப்பலைத் 'தயார்' செய்தது. அபராதம் 2 கோடி டாலர். அந்த வருஷம் அவர்களுடைய வருமானம் சுமார் 2,080 கோடி டாலர். ஒரு நாளைக்கு 5.7 கோடி. ஆக அபராதம் எட்டரை மணி நேர வருமானம். ராத்திரி எல்லாரும் தூங்கி எழுவதற்குள் சம்பாதித்துவிடலாம். 2022 ஜனவரியில் பிரின்சஸ் இன்னொரு முறை மீறலை ஒப்புக்கொண்டு 10 லட்சம் டாலர் கட்டியது. அது எத்தனை நிமிஷம் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

பில்ஜ் ராஜா | பதிவு 13

கணக்குப்பிள்ளை, படம் எடுத்திருந்தால் அடுத்த கப்பல் கிடைத்திருக்காது. நம் ஊர்ப் பையன்களுக்கு ஏஜென்ட் ஒருவன் போதும், பெயரைக் கறுப்பாக்க. வெகுமதி என்பது வழக்கு முடிந்து அபராதம் வந்த பிறகு வருகிற பணம். அந்த மூன்று நாலு வருஷம் வீட்டுக் கடனை யார் கட்டுவது?

தெம்பனீஸ் தமிழன் | பதிவு 14

நாலாவது தண்ணீர் ஒன்று சொல்கிறேன் என்றீர்களே ராஜா அண்ணே, மறந்துட்டீங்க. புகையைக் கழுவுகிற ஸ்கிரப்பர் கருவிதானே? எங்கள் சிங்கப்பூரில் 2020 ஜனவரியிலிருந்து துறைமுக எல்லைக்குள் திறந்த வகை ஸ்கிரப்பர் தண்ணீரை விடத் தடை.

பில்ஜ் ராஜா | பதிவு 15

அதேதான். கந்தகம் குறைந்த எண்ணெய் விலை அதிகம். மட்டமான எண்ணெயையே எரித்துவிட்டு, புகையைக் கடல் தண்ணீரால் கழுவினால் காற்றுச் சட்டத்துக்குச் சரியாகிவிடும். கழுவின தண்ணீர் அமிலம், உலோகம், கரித் துகளோடு கடலுக்கே திரும்பும். காற்றில் போவதைக் கடலில் விட்டுவிட்டால் கணக்கு நேர். கனடாக் கடலில் கப்பல்கள் வருஷத்துக்கு 14,700 கோடி லிட்டர் கழிவு விடுகின்றன, அதில் 97 சதவீதம் ஸ்கிரப்பர் தண்ணீர் என்று உலக வனவிலங்கு நிதியத்தின் கனடாப் பிரிவு 2022-ல் கணக்கிட்டது. அது எல்லா வகைக் கப்பலும் சேர்த்து. டென்மார்க் 2025 ஜூலையிலிருந்து தன் கடலில் 12 மைல் வரை தடுத்துவிட்டது.

கனடா 2023-ல் கறுப்பு, சாம்பல் இரண்டையும் 3 மைலுக்குள் விடக் கூடாது என்று கட்டாயமாக்கியது. அதுவரை அமெரிக்கப் பக்கம் கெடுபிடி கூடக் கூட, நடுவில் இருந்த பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைதான் வசதியான இடமாக இருந்தது. ஓர் ஊர் கதவைச் சாத்தினால் பக்கத்து ஊர் வாசலில் போய் நிற்கும்.

நெய்தல் நிலவன் | பதிவு 16

நம்மூரில் 2022-ல் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலைப் புதுச்சேரி உள்ளே விடவில்லையே, அதுவும் இதனாலா?

மட்டுறுத்துநர் | பதிவு 17

அப்போது பெரிதாகப் பேசப்பட்டது கப்பலுக்குள் சூதாட்டம். அதற்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடிச் சண்டையில் பூட்டப்பட்டது. தயவுசெய்து இங்கே திறக்க வேண்டாம்.

நெய்தல் நிலவன் | பதிவு 18

சரி சார். அப்படியென்றால் ஜூனோக்காரர்களிடம் ஒரு கேள்வி. கப்பல் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் பிரச்சினையே இல்லையே? ஏன் சுற்றி வளைக்கிறார்கள்?

மழைக்குடை | பதிவு 19

குறைத்திருக்கிறார்கள். 2024-லிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் இல்லை. 2026-லிருந்து ஒரு நாளைக்கு 16,000 படுக்கை, சனிக்கிழமை 12,000 என்று கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம். சனிக்கிழமை கப்பலே வேண்டாம் என்று 2024 அக்டோபரில் ஒரு வாக்கெடுப்பு வந்தது, தோற்றுவிட்டது. எனக்கு அங்கே ஓட்டு இல்லை. இருந்திருந்தால் நானும் அந்தத் தடைக்கு எதிராகத்தான் போட்டிருப்பேன். சனிக்கிழமை என்றால் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு.

ஃபுளோரிடாவில் கீ வெஸ்ட் என்ற ஊர் 2020-ல் பெரிய கப்பல் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு ஜெயித்தது. அடுத்த வருஷமே மாநில அரசு சட்டம் போட்டு அந்த வாக்கெடுப்பைச் செல்லாது என்று ஆக்கிவிட்டது. எண்ணிக்கை பற்றிய சண்டை இப்படித்தான், ஊரையே இரண்டாகப் பிளக்கும். பக்கத்து வீட்டுக்காரன் பிழைப்பில் கை வைக்கிறோம் அல்லவா. உள்ளே ஓர் ஆளை உட்கார வைப்பதில் யார் பிழைப்பும் போகாது. ஆளுக்கு 4 டாலர். கப்பலில் ஒரு காபி அதைவிட விலை. அதைத்தான் நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

திரைகடல் டிராவல்ஸ் | பதிவு 20

காபி விலை விஷயத்தில் ஒத்துப்போகிறேன். என் வாடிக்கையாளர்கள் பில்லில் துறைமுக வரி என்று ஒரு வரி இருக்கும், அதைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. 4 டாலர் கூடினால் யாரும் பயணத்தை ரத்து செய்ய மாட்டார்கள், அது உண்மை. மற்றதில் என் கருத்து மாறவில்லை. எல்லாக் கப்பலும் அந்தக் கப்பல் இல்லை.

வேம்படியான் | பதிவு 21

இரண்டு நாளாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். டிவி சீரியலை விட்டுவிட்டார். மெதுவடை ஓட்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவர் கேட்டது இன்னும் பாக்கி: சகதி எங்கே?

பில்ஜ் ராஜா | பதிவு 22

மன்னிக்கவும், தொழில்காரர் கேட்ட கேள்வியைத்தான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

நிலையத்தில் தங்குகிற சகதிக்கு மூன்று வழி. உலர்த்திக் கப்பலிலேயே எரிக்கலாம், அதற்கு எண்ணெய்ச் செலவு. கரையில் இறக்கலாம், அதற்குத் துறைமுகத்தில் வசதியும் வேண்டும், காசும் வேண்டும். மூன்றாவது, தொட்டியில் சேர்த்து வைத்து 12 மைல் தாண்டியதும் கடலில் விடலாம். பெரும்பாலும் நடப்பது மூன்றாவதுதான், சட்டப்படியே. அறைப் பையன் சொன்னதில் பொய் இல்லை. குடிக்கிற மாதிரித் தண்ணீர் ஒரு குழாயில் போகிறது, மீதி இன்னொரு குழாயில், இன்னொரு நாள்.

வேம்படியான் | பதிவு 23

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்க ஸ்டேஷன்ல சகதி லாரி கிளம்பினா லாக் புக்ல நான் ஒரு கையெழுத்து, இறக்குற இடத்துல வேற டிபார்ட்மென்ட் ஆள் ஒரு கையெழுத்து. ரெண்டும் ஒத்துப்போகலேன்னா மெமோ. கடல்ல இறக்குற இடத்துல யார் கையெழுத்துப் போடுறான்னு அந்தத் தம்பிகிட்டக் கேளு" என்கிறார்.

பில்ஜ் ராஜா | பதிவு 24

ஏற்றும்போதும் நான்தான் சார், இறக்கும்போதும் நான்தான். பக்கம் முடிந்தால் கீழே கேப்டன் ஒரு கையெழுத்து. அவருக்கும் எனக்கும் ஒரே கம்பெனிதான் சம்பளம்.

வேம்படியான் | பதிவு 25

அப்பா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த நார்வேக்காரர்கள் பதிவேட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று மறுபடி படிக்கச் சொன்னார்.

பஃபே படங்கள் பயணப் பகுதியில் போட்டாயிற்று, சோத்துமூட்டை.